முத்துவுக்கு ஊசி போடலாம். மாமியாரின் சிரிஞ்சில் வேண்டாம்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எங்கள் எதிர்வீட்டு அம்மா பங்குனிக் கடைசியில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகப் பெங்களூரில் உள்ள மகளிடம் போகிறார். திரும்பி வர நான்கு மாதமாவது ஆகுமாம். அவருடைய முத்து, பத்து வயதுக் கடுவன் பூனை, கருத்தடை செய்தது, எடை 6 கிலோ. மூன்று மாதத்திற்கு முன்பு அதற்குச் சர்க்கரை நோய் என்று சொல்லி, கிளார்ஜின் என்ற இன்சுலினைக் காலையில் 2 யூனிட், மாலையில் 2 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வரும்வரை முத்துவை என்னிடம் விட்டுச்செல்ல விரும்புகிறார். எனக்கும் மனமிருக்கிறது, பயமும் இருக்கிறது. என் மாமியாரும் பல வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருடைய சிரிஞ்சையும் சர்க்கரை பார்க்கும் மீட்டரையும் முத்துவுக்குப் பயன்படுத்தலாமா? எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண்பூனை ஒன்று இருக்கிறது. அதற்கு இந்த நோய் தொற்றுமா? தயிர்ச்சாதம் கொடுக்கலாமா? ஊசிக்குப் பதிலாக மாத்திரையோ கோவைக்காய்ச் சாறோ போதாதா? என் கணவர் ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். என் பொறுப்பில் இருக்கும்போது முத்துவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்களால் முடியும் என்றே நினைக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியை நம்பி வாழும் நம் ஊரில், வீட்டுக்கு ஒருவராவது ஊசி, சிரிஞ்சு, சர்க்கரை அளவு என்ற பேச்சுக்குப் பழகியிருப்பார்கள். உங்கள் வீட்டிலோ அனுபவமுள்ள மாமியாரே இருக்கிறார். ஆயினும் நான் ஒரு நிபந்தனை சொல்வேன். காலை 7, மாலை 7 என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் ஊசி போட உங்களைத் தவிர இன்னொருவருக்கும் கைப்பழக்கம் இருக்க வேண்டும். ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவரை மட்டும் அந்த இரண்டாவது ஆளாக எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தாலும், ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்க நேர்ந்தாலும், முத்துவின் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாமியாருக்குக் கண்பார்வை நன்றாக இருந்து, சிரிஞ்சின் கோடுகள் தெளிவாகத் தெரியுமானால் அவரே அந்த இரண்டாவது ஆளாக இருக்கட்டும்.

நோயைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. கணையம் இன்சுலினை முழுவதுமாக நிறுத்திவிடுவதில்லை. சுரக்கும் இன்சுலினை உடல் மதிக்காமல் போக, கணையமும் நாளடைவில் களைத்துப்போகிறது. நடுவயது தாண்டிய, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே உண்டு உறங்கிப் பருத்த கடுவன்களுக்கு இது அதிகம் வருகிறது. முத்து இந்த வருணனைக்கு அப்படியே பொருந்துகிறது. தோல் அரிப்புக்கென்று போடும் ஸ்டீராய்டு ஊசிகளும் இந்த நோயைத் தூண்டிவிடும். ஆகவே இந்த நான்கு மாதத்தில் வேறு எந்தக் காரணத்துக்காக எந்த மருத்துவரிடம் கொண்டுபோனாலும், "இதற்குச் சர்க்கரை உண்டு, ஸ்டீராய்டு வேண்டாம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இனிப்புத் தின்பதால் வரும் நோய் இது என்று பலர் நினைக்கிறார்கள். பூனையின் நாவுக்கு இனிப்பே தெரியாது. ஆற்காட்டு மக்கன் பேடாவை முன்னால் வைத்தாலும் அதிலுள்ள நெய் வாசனைக்குத்தான் முத்து முகர்ந்து பார்க்குமே தவிர, சர்க்கரைக்காக அன்று. இது தொற்றுநோயும் அன்று. உங்கள் பெண்பூனைக்கு முத்துவிடமிருந்து சர்க்கரை வராது.

இனி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்காரவைத்த கேள்விக்கு வருகிறேன். மாமியாரின் சிரிஞ்சை முத்துவுக்குப் பயன்படுத்தவே கூடாது. சுத்தம் சுகாதாரம் கருதி மட்டும் இதைச் சொல்லவில்லை. இது கணக்கு விஷயம். நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின்களில் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்கென உள்ள சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட் கொண்டது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் கிளார்ஜினை இரண்டு கோடு இழுத்தால், கையில் இருப்பது 2 யூனிட் அன்று, 5 யூனிட். தொண்ணூறு கிலோ மனிதருக்கு மூன்று யூனிட் கூடுதல் என்பது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம்; ஆறு கிலோ பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நான் கால்நடை மருத்துவராகத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பூனைக்குக் கிளார்ஜின் எழுதிக்கொடுத்து, "ரெண்டு யூனிட் போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். சிரிஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மருந்துக்கடையில், வழக்கமாக எல்லாரும் வாங்கும் சிவப்பு மூடியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் முற்பகலில் அந்தப் பூனையை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்; கழுத்து நிற்கவில்லை, கண்மணி விரிந்து கிடந்தது, ஒரு பக்கக் கன்னம் வெட்டி வெட்டி இழுத்தது. அது பிழைத்துக்கொண்டது. தவறு கடைக்காரருடையதோ வீட்டாருடையதோ அன்று, என்னுடையதுதான். அன்றிலிருந்து மருந்துச் சீட்டில் இன்சுலினின் பெயருக்குக் கீழே சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்பதையும் எழுதி, அதன் கீழ் ஒரு கோடும் போட்டுவிடுகிறேன்.

ஆகவே முத்துவுக்கு 100 யூனிட் இன்சுலினுக்கான, 0.3 மில்லி கொள்ளளவுள்ள சிறிய சிரிஞ்சு வாங்குங்கள். அரை யூனிட்டுக்கும் கோடு போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பூனையின் அளவை மருத்துவர் அரை அரை யூனிட்டாகவே கூட்டவும் குறைக்கவும் செய்வார். ஒரு சிரிஞ்சு ஒரு வேளைக்கு மட்டுமே. மாமியார் போட்டுக்கொள்வது பால்போல் கலங்கிய 30/70 கலவை மருந்தாக இருக்கக்கூடும். அவசரத்துக்குக்கூட அதை முத்துவுக்குப் போட வேண்டாம், அது வேலை செய்யும் வேகமும் நேரமும் வேறு. இரண்டு பேருடைய மருந்தும் ஒரே குளிர்பெட்டியில் இருக்கப்போவதால், முத்துவின் மருந்தும் சிரிஞ்சும் மூடியுள்ள ஒரு தனி டப்பாவுக்குள் இருக்கட்டும். டப்பாவின் மேல் ஒரு பூனைப் படம் வரைந்து ஒட்டுங்கள். கண்ணாடி போடாமல் காலையில் எழுந்து வரும் மாமியாருக்கு எழுத்தைவிடப் படம் சட்டென்று தெரியும். கலக்கம் இரு பக்கமும் நேரலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்: பூனையின் கிளார்ஜினை மாமியார் தம்முடைய சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இருபது கோடு இழுத்துப் போட்டுக்கொண்டால், அவருக்கு 50 யூனிட் போய்விடும்.

முத்து உங்கள் வீட்டுக்கு வரும் காலம் சித்திரையும் வைகாசியும். கத்திரி வெயிலில் நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த கிளார்ஜினை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 28 நாள் வைத்துக்கொள்ளலாம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. வேலூர்ச் சித்திரையில் 30 டிகிரிக்கு மேற்படாத அலமாரி எந்த வீட்டிலும் இல்லை. ஆகவே திறந்த பிறகும் குளிர்பெட்டியே கதி. நடுத்தட்டில் வையுங்கள். உறைபனிப் பகுதியை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படாது. மின்சாரம் நெடுநேரம் போனால், மருந்தை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். பனிக்கட்டியை மருந்தின்மேல் நேரடியாகப் படும்படி வைக்க வேண்டாம். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டிய மருந்து; கலங்கலோ துகளோ தெரிந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். முத்துவின் அளவுக்கு 28 நாளில் 112 யூனிட்தான் செலவாகும், 300 யூனிட் கொண்ட கார்ட்ரிட்ஜ் குழலில் பாதிக்கு மேல் மிஞ்சும், வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். தொடர்ந்து குளிரில் இருந்த, தெளிவு கெடாத மருந்தை இன்னும் சில நாள் பயன்படுத்தச் சில மருத்துவர்கள் அனுமதிப்பதுண்டு. அதை முத்துவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

ஊசி போடுவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமானதன்று. இன்சுலின் ஊசி மயிரிழைபோல் மெல்லியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனை பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. நீங்கள் தரையில் உட்கார்ந்து, முத்துவின் முதுகு உங்களைப் பார்த்தபடி அதன் தட்டை வையுங்கள். நாலைந்து வாய் தின்ற பிறகு, விலாவுக்குப் பின்னால் வயிற்றின் பக்கவாட்டில் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே கூடாரம்போல் தூக்கி, அந்தக் கூடாரத்தின் அடிவாயில் ஊசியை உடலுக்கு இணையாக நுழைத்து அழுத்துங்கள். பிடரியில் போடுவது எளிது என்றாலும் அங்கே மருந்து ஒரே சீராக உடலில் ஏறுவதில்லை என்பதால் நான் பக்கவாட்டையே சொல்வேன்; காலையில் இடம், மாலையில் வலம் என்று மாற்றிக்கொண்டால் ஒரே இடம் தடித்துப்போகாது. போட்டு முடித்ததும் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். முடி ஈரமாக இருந்து, மருத்துவமனை வராந்தாவில் அடிப்பதுபோன்ற ஒரு வாடை வந்தால், ஊசி தோலின் மறுபுறம் வெளியே வந்து மருந்து முடியில் கொட்டிவிட்டது என்று பொருள். அப்போது என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாத நிலையில் இரண்டாவது ஊசி போடவே கூடாது. அடுத்த வேளை வரை சர்க்கரை சற்று ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த வைத்தியத்தில் நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டியதும் இதுவே. சர்க்கரை ஏறிக் கிடப்பது நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் உடலைக் கெடுக்கும். சர்க்கரை தாழ்ந்துபோவது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். ஊசியைப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். மாமியார் போட்டிருப்பாரோ என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். முத்து சாப்பிடவில்லையானால் முழு அளவைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் சேர்த்து இரட்டிப்பாகப் போடும் எண்ணமே வேண்டாம். நாள்காட்டியில் அந்தந்தத் தேதிக்கு நேரே காலை ஒரு டிக், மாலை ஒரு டிக் போடும் பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வரட்டும்.

தாழ்சர்க்கரை வந்தால் எப்படித் தெரியும்? காரணமில்லாமல் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும், கூப்பிட்டால் எங்கோ பார்க்கும், நடை தள்ளாடும், திடீரென்று அகோரப் பசியோடு கத்தும். முற்றினால் வலிப்பு வரும். கூப்பிட்டால் திரும்புகிறது, விழுங்க முடிகிறது என்றால் உடனே உணவு கொடுங்கள். தின்ன மறுத்தால் தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலால் பல்லீறில் தடவுங்கள். வலிப்பில் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பல்லுக்கு நடுவே விரலை விடாமல், உதட்டைத் தூக்கி ஈற்றின்மேல் மட்டும் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். தெளிந்துவிட்டாலும் அன்றே காட்டியாக வேண்டும், ஏனெனில் கிளார்ஜின் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. ஒருமுறை தெளிந்த பூனை மறுபடியும் சரியக்கூடும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெரிய மருத்துவமனை நமக்குச் சென்னை வேப்பேரியில் இருக்கிறது. ஏறத்தாழ 140 கிலோமீட்டர், போய்ச்சேர மூன்று மணி நேரம். இரவில் தொலைபேசியை எடுக்கும் உள்ளூர் மருத்துவர் யார் என்பதை முத்து வருவதற்கு முன்பே விசாரித்து, அந்த எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். தேன் பாட்டில் பூட்டாத அலமாரியில் இருக்கட்டும்.

அடுத்ததாக, எதிர்வீட்டு அம்மா எழுதிக்கொடுக்கும் "2 யூனிட்" என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அந்த வீட்டில், அந்தச் சாப்பாட்டில், அந்த மனநிலையில் முத்துவுக்குப் பொருந்திய எண். தெருவைக் கடந்து உங்கள் வீட்டுக்கு வருவது உங்களுக்குப் பத்து அடி. பத்து வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த பூனைக்கோ அது வேற்றூர். முதல் இரண்டு மூன்று நாள் பீரோவுக்குப் பின்னால் கிடந்து பட்டினி இருக்கும் பூனைகள் உண்டு. அந்த நாள்களில் வழக்கமான அளவு அதிகப்படியாகிவிடும். நேர்மாறாக, பயத்தினாலேயே இரத்தச் சர்க்கரை ஏறுவதும் பூனைக்கே உரிய குணம். நோயே இல்லாத பூனைக்குக்கூட மருத்துவமனை மேசையில் 300ஐத் தொடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் வாரத்தில் ஒரு தடவை அதிகமாகக் காட்டியதென்று நீங்களாக அளவைக் கூட்டினால் விபரீதமாகிவிடும். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. அவரும் பொதுவாக ஐந்தாறு நாளாவது பார்த்த பிறகே கூட்டுவார், குறைப்பதை மட்டும் உடனே செய்வார். ஒரு முழு நாள் எதுவுமே தின்னாமல் கிடந்தால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பருத்த பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து தனியொரு நோயே வந்துவிடும். சாப்பிடாமையோடு வாந்தியும் சோர்வும், மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையும் சேர்ந்தால் அது கீட்டோன் என்ற அமிலக் கழிவு இரத்தத்தில் ஏறிய நிலை, அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது.

தயிர்ச்சாதம் முத்துவுக்கு ஏற்றதன்று. பூனை அடிப்படையில் இறைச்சி உண்ணும் விலங்கு. சோறும் பால்சாதமும், மாவுச்சத்து மிகுந்த உலர்தீனியும் அதன் சர்க்கரையை ஏற்றி வைக்கும். புரதம் மிகுந்த, மாவு குறைந்த ஈரத்தீனிதான் இந்த நோய்க்குச் சரியான உணவு. இருந்தாலும், அந்த அம்மா இப்போது சோறே பிசைந்து வைத்துக்கொண்டிருந்தால்கூட முதல் இரண்டு வாரம் அதையே அப்படியே தொடருங்கள் என்பேன். வீடும் மாறி, ஆளும் மாறி, தட்டும் மாறினால் முத்து பட்டினி கிடக்கும் என்பது ஒன்று. சோற்றை நிறுத்தியதும் சர்க்கரை மளமளவென்று இறங்க, ஊசி மட்டும் பழைய அளவிலேயே ஏறினால் தாழ்சர்க்கரை வரும் என்பது அதைவிடப் பெரியது. உணவை மாற்றும் வாரத்தில் மருத்துவருக்குச் சொல்லி, அளவைக் குறைத்துக்கொண்டு, தினமும் சர்க்கரை பார்த்து, பழையதில் கொஞ்சம் புதியது என்று கலந்து மாற்ற வேண்டும். வேகவைத்த கோழியும் மீனும் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் படாத துண்டாக இருக்க வேண்டும், வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. இறைச்சியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்தும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் குறைந்துபோகும். ஆகவே அது துணை உணவாக இருக்கட்டும். உங்கள் பெண்பூனையின் உலர்தீனிக் கிண்ணம் நாள் முழுவதும் தரையில் கிடந்தால் இந்தக் கட்டுப்பாடு அத்தனையும் வீண். இரண்டுக்கும் வேளைக்கு வேளை, வெவ்வேறு அறையில், மீந்ததை எடுத்துவிடும் முறையில் போடுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டையும் தனித்தனி அறையில் வைப்பதும், இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உள்ளதா என்று பார்த்துக்கொள்வதும் சர்க்கரை இல்லாத பூனைக்கும் பொருந்துகிற விஷயம்தான்.

மாமியாரின் மீட்டரைப் பயன்படுத்தலாம். ஆனால் குத்தும் ஊசி முத்துவுக்குத் தனியாக, ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். மனிதருக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும், ஏனெனில் சிவப்பணுக்களுக்கும் தெளிநீருக்கும் இடையே சர்க்கரை பங்கிட்டு நிற்கும் விதம் நமக்கும் பூனைக்கும் வேறு. அதற்காகக் கூட்டல் கணக்கெல்லாம் போட வேண்டாம்; எப்போதும் ஒரே மீட்டரில் பார்த்து, எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொன்னால் போதும். காதின் வெளி விளிம்பை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்திச் சூடாக்கி, பின்னால் ஒரு பஞ்சை அண்டக் கொடுத்து விளிம்பில் குத்தினால், கடுகளவு இரத்தம் திரளும்; அது போதும். ஊசிக்கு முன் பார்க்கும் அளவு 150க்குக் கீழே இருந்தால் போடாமல் என்னைக் கூப்பிடுங்கள் என்பது என்னிடம் வருபவர்களுக்கு நான் வைத்திருக்கும் கோடு. முத்துவின் மருத்துவர் வேறு எண் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். 60க்குக் கீழே போனால், பூனை பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே உணவு கொடுங்கள்.

எண்களைவிட என் கண்ணுக்கு அதிகம் சொல்பவை சாதாரண விஷயங்கள். தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்து பாருங்கள். முத்துவின் எடைக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிக்கு மேல் போனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று சந்தேகிக்கலாம், வெயிலுக்குக் கொஞ்சம் கூடுவதைத் தள்ளிவிட்டுத்தான். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முத்துவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். பின்னங்காலின் குதிகால் தரையில் பதியும்படி முயல்போல் நடக்கிறதா என்று கவனியுங்கள். அது நரம்பு பாதிப்பின் அடையாளம், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் மெல்லத் திருந்தவும் கூடும். குளியலறைத் தரையில் அது சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால், நம் பாட்டிமார் எதைக் கண்டு தாத்தாவுக்கு நீரிழிவு என்று சொன்னார்களோ அதேதான்: சிறுநீரில் சர்க்கரை போகிறது.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனிதர் சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்பார்மின் மாத்திரை பூனைக்குப் பயன் தருவதில்லை. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் வகையில் பூனைக்கென்றே ஒரு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. 2023இல் வாய்வழித் திரவமாக இன்னொன்றும் வந்தது. இவை முன்பு இன்சுலின் போடாத பூனைகளுக்கு என்றே அனுமதிக்கப்பட்டவை. மூன்று மாதமாக இன்சுலினில் இருக்கும் முத்துவுக்குப் பொருந்தாது. கோவைக்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், சிறுகுறிஞ்சான் பொடி ஆகியவற்றை மாமியார் விரும்பினால் அவர் மருத்துவரைக் கேட்டு அருந்தட்டும். கசப்பை வாயில் ஊற்றினால் முத்து நுரை கக்கும், அடுத்த வேளை சாப்பிடாது, சாப்பிடாத பூனைக்கு ஊசி போட முடியாது. நாம் நிற்கும் சங்கிலியே அறுந்துபோகும்.

ஒரு நல்ல செய்தியையும் அதற்குள் இருக்கும் ஆபத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நோய் கண்டறிந்த முதல் சில மாதங்களுக்குள் நல்ல இன்சுலினும் மாவு குறைந்த உணவும் அமைந்தால், சில பூனைகளுக்குக் கணையம் மீண்டும் தேறி, ஊசியே தேவைப்படாத நிலை வருவதுண்டு. முத்து இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும்போதே அது நேரலாம். அப்போது ஊசிக்கு முன் பார்க்கும் அளவு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். மீட்டரைப் பார்க்காமல் பழக்கத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டே போனால் குணமாகிவரும் பூனையே தாழ்சர்க்கரையில் விழும். நன்றாகத்தானே இருக்கிறது என்று சோதிப்பதை நிறுத்திவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஊசி நின்றாலும் உணவுக் கட்டுப்பாடு தொடர வேண்டும். நோய் திரும்பக் கூடியது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு மருத்துவத்தில் மட்டும் விடை இல்லை. பத்து வயதுப் பூனைக்கு நான்கு மாதத்தில் சர்க்கரையோடு தொடர்பே இல்லாத வேறொன்றும் நேரலாம். அந்த அம்மா புறப்படும் முன் அவரோடும் அவர் மகளோடும் உட்கார்ந்து, கூச்சப்படாமல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: மருந்துக்கும் மருத்துவருக்கும் யார் பணம் தருவது, அவர் அறுவைச் சிகிச்சை மேசையில் இருக்கும் நேரத்தில் இங்கே அவசரம் வந்தால் யாரைக் கேட்டு முடிவெடுப்பது, எவ்வளவு செலவு வரை கேட்காமலே செய்யலாம், பிழைக்க வழியில்லை, வலிதான் மிச்சம் என்று மருத்துவர் சொன்னால் அவருடைய விருப்பம் என்ன, நான்கு மாதம் எட்டு மாதமானால் என்ன ஏற்பாடு. எதிரெதிர் வீட்டில் பழகியவர்களிடம் எழுதி வாங்குவதா என்று உங்களுக்குத் தயக்கமாக இருக்கும். பழகியவர்கள் என்பதால்தான் வாங்கச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவரோடு மனத்தாங்கல் வந்தால் அதோடு முடிந்தது, தினமும் கோலம் போடும்போது முகம் பார்ப்பவரோடு வந்தால் முடியாது. நாள்காட்டி டிக்கையும், சர்க்கரை அளவையும், எடையையும் வாரம் ஒருமுறை கைப்பேசியில் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அவர் புறப்பட இன்னும் சில வாரம் இருக்கிறது. இந்த வாரமே மாலை 7 மணிக்கு அவர் வீட்டுக்குப் போய், அவர் ஊசி போடுவதை இரண்டு நாள் பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து நீங்கள் போடுங்கள், அவர் பார்க்கட்டும். ஒரு நாள் மாமியாரையும் அழைத்துப் போங்கள். முத்துவின் மருத்துவரிடம் ஒருமுறை மூன்று பேரும் சேர்ந்து போய், பல்லிலும் சிறுநீரிலும் தொற்று உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் மறைந்திருக்கும் தொற்று இன்சுலினை வேலை செய்யவிடாது. முத்துவைக் கூட்டிவரும் நாளில் அது படுக்கும் பழைய புடவையைத் துவைக்காமல் அப்படியே வாங்கி வாருங்கள். தட்டும் அதே தட்டாக இருக்கட்டும்.